பெரியவரின் மகன்

ரொறன்ரோ
நவம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். குளிர் தொடங்கிவிட்டது, தடித்த கோட்டு வாங்கிவிட்டேன், கவலைப்படாதீர்கள். இந்த முறை வேறொரு விஷயம் எழுதவேண்டும்.

எனக்கு மெஷின் வேலை பழக்கிய பெரியவரைப் பற்றி எழுதியிருந்தேனே, அவருடைய மகன் கனடா ஆமியில் போய், ஆப்கானிஸ்தானில், கந்தகாரில் இறந்தவனாம். இப்போதுதான் சொன்னார். ஆமி என்றாலே உங்களுக்கு நெஞ்சு படபடக்கும். எனக்கும் அப்படித்தான். ஆனால் இவன் ரிசர்வ் படையில் இருந்த பிள்ளை. கிழமையில் ஓர் இரவு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சி, மற்ற நாளெல்லாம் படிப்பும் பகுதிநேர வேலையும். யாரும் அவனைப் பிடித்து அனுப்பவில்லை, தானே பெயர் கொடுத்துப் போனான். தாய் மறித்துப் பார்த்தாவாம், கேட்கவில்லை. ஆப்கானிஸ்தானில் 2014 வரை நீண்ட அந்தப் படைப் பணியில் கனடா 158 படையினரை இழந்தது.

உடல் ட்ரென்டன் விமானத்தளத்துக்குத்தான் வந்தது. அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 401 நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். பின்னால் வந்த காரில் தலையைக் குனிந்தபடி இருந்தாராம் பெரியவர். மனைவி கையைத் தட்டி, "மேலே பாருங்கள்" என்றிருக்கிறா. பார்த்தால் பாலத்தில் ஆட்கள். அடுத்த பாலத்திலும் ஆட்கள். தீயணைப்பு வண்டிகள் விளக்கெரிய நிற்கின்றன, தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். "ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது, ஆனால் எங்கள் பிள்ளைக்காக நின்றார்கள்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அப்படிச் சனம் தானாக வந்து நின்றதால்தான் 2007-இல் அந்தத் துண்டுக்கு 'வீரர்களின் நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் கூப்பிட்டு வந்த கூட்டமில்லை அம்மா. அதுதான் என்னை உலுக்கியது.

நேற்று நவம்பர் 11, போரில் இறந்த படையினரை நினைக்கும் நாள். அவர்களோடு பழைய நகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நினைவுத்தூணுக்குப் போனேன். எல்லோர் இடது நெஞ்சிலும் அந்த நினைவின் அடையாளமாகச் சிவப்புப் பொப்பிப் பூ. பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். பெரியவரின் மனைவி கோட்டின் மேல் வெள்ளிச் சிலுவை ஒன்றை ஊதா நாடாவில் குத்தியிருந்தா. பிள்ளையை இழந்த தாய்க்கு நாடு கொடுப்பது, பின்பக்கம் மகனின் பெயர் செதுக்கியிருக்கிறது. அந்தக் குளிரிலும் கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் அந்தப் பெயரைத் தடவிக்கொண்டே நின்றா.

அந்தப் போர் சரியா பிழையா என்று இங்கும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்கும் அதில் தெளிவில்லை. ஆனால் அந்தத் தாயின் பக்கத்தில் நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் அவனுடைய பிறந்தநாள், என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் அந்தத் தாய்க்கு உங்கள் கையால் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பக்கத்திலிருந்து நான் வாசித்துச் சொல்கிறேன்.

அன்பு மகன்