எங்கள் ரிக் வண்டியை ஓட வைத்திருக்கும் பட்டறைக்காரர்களுக்கு நன்றி

திருச்செங்கோட்டுப் பட்டறை அண்ணன்மார்களுக்கும், லேத், டீசல் பம்ப், பட்டை (லாரியின் ஸ்பிரிங் தகடு) வேலைக்காரர்களுக்கும், வழியில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்து கைகொடுத்த ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பத்துச் சக்கர டாடா 2515 போர்வெல் ரிக் வண்டி இந்த வருடமும் எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கிவிட்டது. எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும். இருபது வருடம் ஆன வண்டியில் பிரேக், ஸ்டியரிங், சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மூன்றையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். மூன்றும் தேறியது உங்கள் கைவேலையால். யார் என்ன செய்தீர்கள் என்பதை வேலையோடு சேர்த்துச் சொன்னால்தான் எங்களுக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

லோடு லாரி போகும்போது பாரம், திரும்பும்போது காலி. ரிக் வண்டிக்கு அந்த ஓய்வு கிடையாது. மாஸ்ட் (துளை போடும் கோபுரம்), காற்றுக் கம்ப்ரசர், அதை ஓட்டும் டெக் இன்ஜின் எல்லாம் இரவும் பகலும் அதன் முதுகிலேயே இருக்கும். ஓடுகிற கிலோமீட்டர் கம்மி, பட்டைகள் படும் பாடு கம்மி இல்லை. துளை போடும் பாயிண்டில் நாள்கணக்கில் நிற்கும்போது பாறைத்தூளும் சேறும் ஒவ்வொரு மூட்டிலும் ஏறிவிடுகிறது. கிலோமீட்டரைப் பார்த்து இதற்கு சர்வீஸ் செய்யக்கூடாது, நாளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று முதலில் சொன்னது நீங்கள்தான். அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை கிரீஸ் அடிக்கிறோம். பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி வெளியே வந்து, புதுசு தெரியும் வரை.

பட்டைப் பட்டறை அண்ணனுக்கு முதல் நன்றி. மெயின் பட்டை ஏன் எப்போதும் சென்டர் போல்ட் ஓட்டையில் முறிகிறது என்று கேட்டோம். பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர ஆரம்பிக்கும், வளைவு முழுக்க அந்த ஓட்டையில் போய் விழும், பட்டையின் பலவீனமான இடமும் அதுதான் என்று பழைய முறிவைக் கையில் கொடுத்துக் காட்டினீர்கள். பாதி துருப்பிடித்தும் பாதி பளபளப்பாகவும் இருந்தது. துருப்பிடித்த பாதி என்றைக்கோ விட்டுப்போனது, பளபளப்பு அன்றைக்கு விட்டது. இப்போது பட்டை மாற்றினால் யு போல்ட்டும் புதுசு. பழையதன் மரை இழுபட்டிருக்கும். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது நான்கு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்கி, 200, 300 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குகிறோம். இறங்கிப்போன பட்டையை கேஸ் வைத்துச் சூடேற்றி வளைத்துத் தரச் சொன்னபோது நீங்கள் மறுத்தீர்கள். பதம் போன பட்டை ஒரு மாதத்தில் மறுபடி இறங்கும் என்றீர்கள். உங்களுக்கு வரவேண்டிய கூலியை விட்டுவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

கிங்பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) வேலை செய்த லேத் பட்டறைக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் எல்லோரும் முதலில் ஸ்டியரிங் பெட்டியைத்தான் பழி சொல்வார்கள். நீங்கள் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டினீர்கள். ஆட்டம் இருந்தது. ஒருவரை ஏறி பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினீர்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். எங்களுக்கு நிற்கவில்லை. எந்த மீட்டரும் இல்லாமல் இரண்டு நிமிடத்தில் தெரிந்துபோன விஷயம் இது.

கிங்பின் உட்காரும் புஷ்ஷை (உலோகக் குழல்) அடிக்கும்போது அதன் ஓட்டை கிரீஸ் நிப்பிளின் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தீர்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் எத்தனை பம்ப் கிரீஸ் அடித்தும் பின்னுக்கு ஒரு துளி போகாது. மேல் புஷ், கீழ் புஷ் இரண்டையும் ஒரே நீள ரீமரில் (துளையை இழைக்கும் கருவி) ஒரே நேர்கோட்டில் இழைத்தீர்கள். தனித்தனியாக இழைத்தால் ஒவ்வொரு புஷ்ஷிலும் பின் அழகாக நுழையும், இரண்டிலும் சேர்த்துப் போட்டால் இறுகும். அப்புறம் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தைத் தூக்கி வைத்து அடிக்கச் சொன்னீர்கள். பாரத்தோடு அடித்தால் கீழே பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கு கிரீஸ் போவதில்லை. முன்பு அந்த பேரிங் காய்ந்தே கிடந்தது.

பம்ப் கடை அண்ணனுக்கு. ஒரு சிலிண்டர் எரியாமல் வண்டி மிஸ்ஸிங் அடித்தபோது பம்பைக் கழற்றிக் காசு வாங்கியிருக்கலாம். அதை விட்டு, ஐட்லிங்கில் ஆறு நாசிலின் (டீசலைத் தெளிக்கும் பாகம்) பைப் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கச் சொன்னீர்கள். எதைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. (பழைய பம்ப் வண்டிக்கு மட்டும் இந்த முறை. காமன் ரெயில் வண்டியில் நட்டைத் தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) நாசிலைக் கழற்றியபோது பழைய செம்பு வாஷர் குழியின் அடியிலேயே ஒட்டியிருந்தது. யாரோ அதன்மேல் இன்னொரு வாஷர் போட்டு நாசிலை மாட்டியிருக்கிறார்கள். நாசில் அந்த அளவுக்கு மேலே நின்றதால் டீசல் தெளிக்கும் இடம் மாறிப்போனது. கம்பியை வளைத்துப் பழைய வாஷரைத் தூக்கி எடுத்தீர்கள், கோளாறு அதோடு தீர்ந்தது. அதே கையோடு டேப்பெட்டும் (வால்வு இடைவெளி) பார்த்துக் கொடுத்தீர்கள்: இந்த கம்மின்ஸ் இன்ஜினுக்கு, குளிர்ந்திருக்கும்போது, இன்லெட் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.51. பட்டறை பாஷையில் பத்து தௌ, இருபது தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு).

டீசல் தீர்ந்து, பைப்பில் காற்று புகுந்து ஏர்லாக் ஆகி நின்ற இரவில் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்த ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி. எங்கள் ஆள் செல்ஃபை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். தம்பி அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஃபில்டர் மேலிருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும் வரை கைப்பம்பை அடித்தார். இறுக்கிவிட்டு அடுத்தது பம்பின் ஸ்க்ரூ. கடைசியாகத்தான் செல்ஃப். பேட்டரி தீர்ந்திருந்தால் டீசல் இருந்தும் காலைவரை நின்றிருப்போம்.

பிரேக் வேலை பார்த்தவருக்கு. காற்று முழுக்க ஏற்றி, இன்ஜினை அணைத்து, ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடித்து முள்ளைப் பார்க்கும் பழக்கம் உங்களிடமிருந்து வந்தது. 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அடியில் படுக்கிறோம். ஸ்லாக் அட்ஜஸ்டரை (பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் கை) லைனிங் டிரம்மைத் தொடும் வரை முறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்கு அரைச்சுற்றுத் திருப்புவது. பிரேக் பிடித்த நிலையில் ஸ்லாக்கைத் தள்ளும் புஷ் ராடும் ஸ்லாக்கும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பது. தினமும் மாலையில் ஏர் டேங்க் தண்ணீரைத் திறந்துவிடுவது. அந்தத் தண்ணீரில் ஆயில் கலந்து வந்தால் பிரேக் காற்றுக் கம்ப்ரசரின் ரிங் தேய்கிறது என்று நீங்கள் சொன்னதை வைத்து, நடுவழியில் நிற்பதற்கு முன்பே ரிங்கை மாற்றிவிட்டோம்.

கேபினுக்குப் பின்னால் சேஸ் விரிசல் விட்டபோது வெல்டர் அண்ணன் உடனே ராடை எடுக்கவில்லை. விரிசல் முடியும் இடத்தைத் தேய்த்துக் கண்டுபிடித்து, அங்கே ஒரு ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தினார். பிறகுதான் வி வடிவில் வெட்டி, காயவைத்த 7018 வெல்டிங் ராடில் நிரப்பினார். மேலே வைத்த இரும்புப் பட்டியின் முனைகளைச் சாய்வாக வெட்டினார். நேராக வெட்டி நிறுத்தினால் அடுத்த விரிசல் பட்டி முடியும் அந்தக் கோட்டில்தான் பிறக்கும். வேலைக்கு முன் பேட்டரி வயரையும் ஆல்டர்னேட்டர் வயரையும் கழற்றச் சொன்னதும் அவரே.

எலக்ட்ரீஷியன் தம்பி புது செல்ஃப் மோட்டார் விற்கவில்லை. பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் கேபிள் மாட்டும் இடத்தைச் சுரண்டி இறுக்கினார், முடிந்தது. லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடிக்கும் இரும்பு வளையம்) வைத்த டயருக்குப் பாதுகாப்புக் கூண்டில்லாமல் காற்றடிக்க மாட்டேன் என்று எங்கள் அவசரத்துக்கு இணங்காத டயர் கடைக்காரருக்கும், ரேடியேட்டரில் கடினமான போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், கூலன்ட் ஊற்றுங்கள் என்று அடித்துச் சொன்னவருக்கும் எங்கள் வணக்கம்.

பின் ஜாயிண்ட் ஷாஃப்டில் (பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டு) லேசான அதிர்வு இருக்கிறது. அதன் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) மாற்றும்போது, துண்டுகளை நேர்படுத்தும் அம்புக்குறியைப் பார்க்காமல் சேர்த்துவிட்டோமோ என்று சந்தேகம். வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குக் கொண்டுவருகிறோம், கழற்றுவதற்கு முன் நீங்களே ஒரு தடவை அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள் அண்ணா.

இப்படிக்கு,
ரிக் வண்டியின் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும்,
திருச்செங்கோடு