புதன்கிழமைப் படகுக்குப் போ

ராயபுரம், சென்னை
ஜூலை, வியாழன் இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அந்த அலைச்சலில் பேனாவைத் தொடவே முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள். "அந்தப் பையன் எப்ப வரான்?" என்று நேற்றுகூட உன்னைக் கேட்டாள். அவளுக்கு நீ இன்னும் பையன்தான். சின்னவன் கிண்டியில் சிவில் சேர்ந்துவிட்டான். பெரியவள் விஷயம் நல்ல விஷயம், அதைத் தனியாக எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் முழுக்க உன் ஒரு பத்திக்குத்தான் பதில். அந்த வெளிநாட்டு ஏரியில் ஆபீஸ்காரர் ஒருவர் தன் ஜே-24 என்ற பாய்மரப் படகில் ஆள் போதவில்லை, புதன்கிழமை சாயங்கால ரேஸுக்கு வா என்று கூப்பிட்டாராம். நீ "பார்க்கலாம்" என்று நழுவிவிட்டாயாம். "அது அவங்க விளையாட்டுடா, ஐம்பத்திரண்டு வயசுல நமக்கு அங்க என்ன வேலை?" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி எனக்கு வலித்தது. ஏனென்றால் ஒன்றரை வருஷத்துக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொன்னேன்.

உனக்கு இதுவரை சொல்லவில்லை. நானும் புதன்கிழமைகளில் பாய்மரப் படகில்தான் இருக்கிறேன்.

என்னோடு வேலை பார்ப்பவரின் மகள், இருபத்திரண்டு வயசுப் பெண், சின்ன வயதிலிருந்து படகு ஓட்டுகிறாள். அவளுடைய துணை ஆள் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். அவள் ஓட்டுவது என்டர்பிரைஸ் என்ற இருவர் படகு. பதின்மூன்று அடி நீளம், நீலப் பாய், 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. காற்று தள்ளும்போது படகு கவிழாமல் இருக்க மறுபக்கம் உடம்பைச் சாய்த்து உட்கார ஒரு ஆள் வேண்டும். "அங்கிள், உங்க எடை சரியா இருக்கும்" என்றாள். அப்படித்தான் போனேன்.

இடம் எது தெரியுமா? நம் துறைமுகம். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எந்தச் சுவரை ஒட்டி நடந்து பள்ளிக்கூடம் போனோமோ, அந்தச் சுவருக்கு உள்ளே. நம் அம்மாக்கள் திண்ணையை எத்தனை தடவை துடைத்தாலும் கறுப்பாகப் படியுமே, அந்த நிலக்கரித் தூசி இப்போது இல்லை. ஹைகோர்ட் உத்தரவால் 2011இல் நிலக்கரி, இரும்புத்தாது எல்லாம் அங்கிருந்து போய்விட்டன. கேட்டில் பாஸைக் காட்டி முதல் நாள் உள்ளே நுழைந்தபோது, சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து நம் ராயபுரத்தைப் பார்த்தேன். அரை நூற்றாண்டு அந்தச் சுவரோடு வாழ்ந்திருக்கிறேன், அதற்குள் இருக்கும் தண்ணீரை ஒரு தடவைகூட கிட்டத்தில் பார்த்ததில்லை.

அங்கே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இருக்கிறது. தொடங்கியவர் அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். கிழக்கே திறந்திருந்த துறைமுக வாயை அடைத்து வடகிழக்குக்கு மாற்றியவரும் அவர்தான். இந்தத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டியதால்தான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே நம் பக்கக் கரையைக் கடல் தின்றது. ஆக, வெள்ளைக்காரன் ஏற்படுத்திய விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே கோடை முகாமில் படகு ஏறிப் பார்த்த நம் ஊர்ப் பெண் நேத்ரா குமணன், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண்ணானாள். டோக்கியோவுக்கும் போனாள், பாரிஸுக்கும் போனாள். ராணுவத்தில் இருக்கும் வேலூர் விஷ்ணு சரவணனும் இரண்டுக்கும் போனார். அவங்க விளையாட்டு என்று இனி யாரைச் சொல்வாய்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. படகுகளைத் தண்ணீரில் இறக்கிவிடும் காசிமேட்டு அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா கட்டுமரத்தில் பாய் கட்டி மீன்பிடிக்கப் போனவர். முதல் ஒரு மாதம் நான் தலையைத் தூக்கிப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார்: "பாயை அப்பால பாரு சார். மொதல்ல தண்ணியப் பாரு. தூரத்துல கருத்துக்கினு வருதே, அதான் காத்து."

அன்றிலிருந்து எனக்குக் காற்று கண்ணில் படுகிறது. தண்ணீர் மேல் சின்னச் சின்னச் சுருக்கமாக, உலையில் அரிசி கொதிக்கத் தொடங்கும்போது மேலே ஓர் அசைவு வருமே, அந்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு நகர்ந்து வரும். அது படகைத் தொடுவதற்கு முன் மூன்று விநாடி இருக்கிறது. அந்த மூன்று விநாடிக்குள் உடம்பை வெளியே சாய்த்துவிட்டால் படகு பாயும். தவறினால் படுக்கும்.

அண்ணனுக்கு ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. தரையிலிருந்து சூடாக வருவது கச்சான். கடலிலிருந்து வருவது கொண்டல். மழைக்காலம் வந்தால் வாடை. இந்த ஜூலையில் கச்சான் விடமாட்டேன் என்கிறது. சில நாள் மூன்று மணிவரை கொண்டல் உள்ளே வருவதில்லை. கொடி மேற்கிலிருந்து படபடக்கும், பிறகு செத்ததுபோலத் தொங்கும், திடீரென்று கிழக்கிலிருந்து சில்லென்று எழும். அப்புறம் நேரமாக ஆக அது மெல்லத் தெற்கிலிருந்து வீசத் திரும்பும். பூமி சுழல்வதால் கடற்காற்று நம் பாதி உருண்டையில் வலப்பக்கமாகத் திரும்பும் என்கிறார்கள். அண்ணனுக்குக் காரணம் வேண்டியதில்லை. "அஞ்சு மணிக்கு மேல வலக்கைப் பக்கமாப் போங்க" என்பார். உன் ஏரிக் காற்றுக்கும் இதே கணக்குதான். படகில் இதைச் சொல்லிப் பார், திரும்பிப் பார்ப்பார்கள்.

ரேஸ் என்றால் என்னவோ ஏதோ என்று பயப்படாதே. ஆறேழு படகுகள், இரண்டு மிதவைகள், ஒரு ஹாரன். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு ஊதல், நாலில் ஒன்று, கடைசி ஒரு நிமிடத்தில் ஒன்று, அப்புறம் புறப்பாடு. பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது, அதனால் அந்த ஐந்து நிமிடமும் கோட்டுக்குப் பின்னால் பாயைத் தளர்த்தி, இழுத்து, முட்டாமல் மோதாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் படகும் போகாது. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகை சாய்ந்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திரும்பித் திரும்பித்தான் மேலேற முடியும். "ரெடியா அங்கிள்?" என்பாள் அந்தப் பெண். "ரெடி." "லீ ஹோ!" திரும்புகிறோம் என்று அர்த்தம். பாய்க்கம்பம் தலைக்கு மேல் போகும், குனிந்து மறுபக்கம் தாவுவேன்.

நேற்று நடந்ததை மட்டும் கேள். இரண்டாவது ரேஸ். காற்று வரும் பக்கத்து மிதவையை இரண்டாவதாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். மிதவை படகின் விலாவில் உரசியது. பலூனை ஈரக்கையால் தேய்த்தால் கீச்சென்று ஒரு சத்தம் வருமே, அவ்வளவுதான். முன்னால் போன படகு நாற்பது அடி தள்ளி, பின்னால் வந்தவர்கள் தங்கள் பாயில் மும்முரம். யாரும் பார்க்கவில்லை. நான் "போலாம் போலாம்" என்று முன்பாயை இழுத்துக் கட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் மற்றவர்களை விட்டு விலகி, சுக்கானைத் தள்ளிவிட்டாள். மிதவையைத் தொட்டால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும், அதுதான் தண்டனை. நான் கட்டிய கயிற்றால் முன்பாய் தப்பான பக்கம் புடைத்துப் படகு பாதியில் நின்றது. "ஜிப்! ஜிப் விடுங்க அங்கிள்!" ஜிப் என்றால் அந்த முன்பாய்தான். கயிறு என் உள்ளங்கையில் சர்ரென்று ஓடியது. சுற்றி முடிப்பதற்குள் இரண்டு படகுகள் தாண்டிப் போயின. நாலாவதாக வந்தோம்.

கரையில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாயை அலசினாள், மடித்தாள், டீ குடித்தாள். ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே இருபத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். தண்ணீரில் ஆடிட்டர் கிடையாதுடா. அவரவர் தப்புக்கு அவரவரே சுற்றிக்கொள்கிறார்கள். போன மாதம் எங்களுக்கு வழிவிட வேண்டியவர் தவறிக் குறுக்கே வந்துவிட்டார். நாங்கள் கத்துவதற்கு முன்பே கையைத் தூக்கி, விலகிப் போய் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தார். அவர் பெரிய டாக்டர். கரையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார். நீ பயப்படுகிற அந்த அந்நியம் தண்ணீரில் எனக்குத் தென்படவில்லை.

உன்மேல் ஒரு பொறாமையும் இருக்கிறது. நமக்கு ஜூலையில்கூட ஆறே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். ஆபீஸில் பர்மிஷன் போட்டு நாலரைக்கு ஓடினால்தான் இரண்டு ரேஸ். இருட்டில் கப்பல்களுக்கு நடுவே இருக்கக் கூடாது. உனக்கு ஒன்பது மணி வரை வெளிச்சம்! வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக்கூட வரலாம். ஆனால் உன் ஊரில் அது அக்டோபரோடு சரி. இந்தப் புதன் போனால் போனதுதான், எண்ணிப் பார், இன்னும் எத்தனை இருக்கிறது என்று.

ஜே-24க்கு வழக்கமாக ஐந்து பேர் வேண்டும். உன்னை முதலில் விளிம்பில் உட்காரத்தான் சொல்வார்கள். உட்கார். அங்கிருந்துதான் தண்ணீர் நன்றாகத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவனுக்கும்தான். படகைத் திருப்பும்போது தலையைக் குனி. விரல்நுனி வெட்டிய கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொள். என் உள்ளங்கை இப்போது எரிகிறது, அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது.

அந்த ஏரியில் காற்றுக்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுது. அண்ணனிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "உப்பே இல்லாத தண்ணியிலயா ஓட்டுவாங்க?" என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கும் சேர்த்து பதில் போடு.

அன்புடன்,
உன் ராயபுரத்துக்காரன்