பால் பீட்டர்சனும் பேத்தியின் சம்பளமும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேத்தியைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடிக்கக் கேட்டிருக்கிறார்கள் என்றும், வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள் என்றும் எழுதி, என் அபிப்பிராயத்தையும் கேட்டிருந்தீர்கள். கண்புரை அறுவைக்குப் பிறகு இப்போதுதான் தொடர்ந்து எழுத முடிகிறது. பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். அனுப்பலாம், கூடாது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அமெரிக்காவில் சிறு வயதில் தொலைக்காட்சியில் நடித்துப் பெரும்பெயர் எடுத்த பால் பீட்டர்சன் என்பவரின் கதையைச் சொல்கிறேன். பணிக்காலம் முழுவதும் வங்கியில் மைனர் கணக்குகளோடு பழகியவர்கள் நாம் என்பதால், அவர் கதை உங்களுக்கு வேறு மாதிரியும் விளங்கும்.

பீட்டர்சன் 1945-ல் கலிஃபோர்னியாவிலுள்ள கிளெண்டேலில் பிறந்தவர். பத்து வயதை ஒட்டி டிஸ்னியின் மிக்கி மவுஸ் கிளப் நிகழ்ச்சிக்குத் தேர்வாகி, சேட்டை தாங்க முடியவில்லை என்று சில வாரங்களிலேயே வெளியே அனுப்பப்பட்டார். 1958-ல் ஹவுஸ்போட் திரைப்படத்தில் கேரி கிராண்டின் மகனாக நடித்தார். அதே ஆண்டு ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய தி டோனா ரீட் ஷோவில் அந்த வீட்டுப் பையன் ஜெஃப் ஸ்டோன் ஆனார். 1966 வரை ஓடிய அத்தொடரில் மொத்தம் 275 அத்தியாயங்கள். பதின்மூன்று வயதில் உள்ளே போன பையன் இருபது வயது வாலிபனாக வெளியே வந்தான் என்றால், அவன் வளர்ந்ததையெல்லாம் ஒரு தேசமே வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தொடரின் புகழிலேயே பாட்டுத் தட்டுகளும் போட்டார்கள். அவர் பாடிய மை டாட் 1963-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம்வரை போயிற்று. அக்காவாக நடித்த ஷெல்லி ஃபாபரே தொடரிலிருந்து விலகத் தொடங்கியபோது, வீட்டுக்கு வரும் அநாதைச் சிறுமியின் வேடத்துக்குப் பீட்டர்சனின் சொந்தத் தங்கையையே கொண்டுவந்து நடிக்க வைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் வில்லன் கிடையாது. தொடரில் தாயாக நடித்த டோனா ரீட் தம் திரைப் பிள்ளைகளைப் பரிவோடு நடத்தினார் என்று பீட்டர்சன் எப்போதும் நன்றியோடுதான் பேசினார். நாம் இப்படிப்பட்ட கதைகளில் கொடுமைக்காரத் தகப்பனையோ ஏமாற்றும் மேலாளரையோ தேடுவோம். அவர்கள் இல்லாத இடத்திலும் பையன் தடுக்கி விழுந்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடர் முடிந்ததும் வாய்ப்புகள் வற்றின. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அவர் இன்னும் ஜெஃப் ஸ்டோன்தான். ஆனால் ஜெஃப் ஸ்டோனுக்கு மீசை முளைத்துவிட்டது, அவனை வைத்துக்கொண்டு யாருக்கும் இனி வேலை இல்லை. பழைய அத்தியாயங்கள் ஊர் ஊராக மறுபடி மறுபடி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன. 1974-க்கு முந்திய தொடர்களுக்கு மறு ஒளிபரப்புக்கான ஊதியம் குறிப்பிட்ட சில தடவைகளோடு நின்றுவிடும் என்பது அன்றைய ஒப்பந்த முறை. ஆகவே முகம் திரையில் இருந்தது, வரும்படி இல்லை. போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

அந்த நாட்களில், தானும் குழந்தை நட்சத்திரமாக இருந்து அடிபட்ட மிக்கி ரூனி வந்து, இந்த ஊரைவிட்டுப் போ, போய்ப் படி, இன்னும் கால் நூற்றாண்டுக்கு இங்கே உனக்கு இடமில்லை என்ற பொருளில் புத்தி சொன்னதாகப் பீட்டர்சன் நினைவுகூர்வதுண்டு. கேட்கவே கசப்பான வார்த்தை. ஆனால் அவருக்கு யாரும் அதைவிட நல்ல யோசனை சொன்னதாகத் தெரியவில்லை. கனெக்டிகட் பக்கம் குடிபெயர்ந்து சாகச நாவல்கள் எழுதினார். பிறகு வாடகைக் கார் தொழிலில் இறங்கி லிமோசின் ஓட்டினார். ஒரு காலத்தில் இளம்பெண்கள் கையெழுத்துக்கு மொய்த்த மனிதர் அடுத்தவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார் என்று பத்திரிகைக்காரர்கள் பரிதாபமாக எழுதுவார்கள். எனக்கு அதில் பரிதாபம் எதுவும் தோன்றவில்லை. உழைத்துச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

அவருடைய உண்மையான வேலை 1990-ல் தொடங்கியது. அந்த ஜனவரியில், டேனி தாமஸ் தொடரில் மகனாக நடித்து வீட்டுக்கு வீடு தெரிந்தவராக இருந்த ரஸ்டி ஹேமர், லூசியானாவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்னும் இப்படிச் சிலர் போயிருந்தார்கள். பீட்டர்சன் எ மைனர் கன்சிடரேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். முன்னாள் குழந்தை நடிகர்களே நடத்தும் அந்த அமைப்பின் முதல் பணி, தொலைபேசியை எடுத்து, திரையைவிட்டு மறைந்துபோன பழைய சகாக்களைத் தேடிப் பேசுவது. டென்னிஸ் தி மெனஸ் தொடரில் குறும்புக்காரச் சிறுவனாக நடித்த ஜே நார்த்தை நினைத்துப் பாருங்கள். படப்பிடிப்பில் தம்மைப் பார்த்துக்கொள்ள வந்த உறவினரே தம்மை அடித்தார் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். ஹேமரின் மரணச் செய்தியால் நிலைகுலைந்திருந்த நார்த்துக்கு மனநல ஆலோசனை கிடைக்கச் செய்தவர் பீட்டர்சன். நார்த் பிறகு ஃபுளோரிடாவில் சிறார் சீர்திருத்தத் துறையில் வேலை பார்த்து, 2025-ல்தான் காலமானார். பீட்டர்சன் நடித்த 275 அத்தியாயங்களையும் ஒரு தட்டில் வைத்து, இந்தத் தொலைபேசி அழைப்புகளை மறு தட்டில் வைத்தால், எது கனக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி நம் துறை சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 1921-ல் சாப்ளினோடு தி கிட் படத்தில் நடித்த ஜாக்கி கூகன் சிறுவனாகவே லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வயது வந்த பிறகு பார்த்தால் பெரும்பகுதி கரைந்திருந்தது. 1938-ல் தாயின் மீதும் மாற்றாந்தந்தையின் மீதும் வழக்குப் போட்டு, கடைசியில் 1,26,000 டாலர்தான் கைக்கு வந்தது. மைனரின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய சட்டம். ஆகவே திருட்டு என்று சொல்லவும் வழியில்லை. அந்த வழக்கின் பலனாக 1939-ல் கலிஃபோர்னியா, குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தைக் காக்கும் கூகன் சட்டத்தை இயற்றியது. அதில் ஓட்டை இருந்தது. நீதிமன்ற ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. தொலைக்காட்சி வந்தபின் பெரும்பாலான ஒப்பந்தங்கள் நீதிமன்றத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. பீட்டர்சனும் நடிகர் சங்கத்தாரும் ஓயாமல் வாதாடியதன் பயனாக, 2000 ஜனவரி 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சம்பாத்தியம் குழந்தையின் தனிச்சொத்து. மொத்த ஊதியத்தில் 15 சதவீதத்தை வேலை கொடுப்பவரே முடக்கப்பட்ட அறக்கட்டளைக் கணக்கில் நேராகப் போட வேண்டும். பதினெட்டு வயதுவரை, நீதிமன்ற உத்தரவின்றிப் பெற்றோரும் தொட முடியாது. அதே மாநிலத்தில், பிறந்து ஆறு மாதம் நிறையாத சிசுவைக் காமிராவின் முன் ஒரு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பிரகாசமான விளக்கின் கீழ் ஒரே மூச்சில் முப்பது வினாடிக்கு மேல் கிடத்தக் கூடாது என்றுகூட விதி உண்டு. ஆனால் 1938-ன் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் குழந்தை நடிகர்களுக்கு விலக்கு அளித்திருப்பதால், மாநிலம் மாறினால் பாதுகாப்பும் மாறிவிடும்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016-ல் வந்த திருத்தத்தையொட்டி 2017-ல் விதிகள் வகுக்கப்பட்டன. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி பெற வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றி மூன்று மணி நேரத்துக்கு மேலும் பிள்ளையை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து இருபத்தேழு நாட்களுக்கு மேல் அழைக்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். கலிஃபோர்னியாவைவிட ஐந்து சதவீதம் கூடுதல் என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம்தான். ஆனால் மைனர் வைப்பை முதிர்வுக்கு முன் உடைக்க வரும் தகப்பனார்கள் நினைவிருக்கிறதா? பணம் மைனரின் நலனுக்காகவே என்று உறுதிமொழி எழுதி வாங்குவோம். அவர்கள் பேனா ஒரு கணமும் தயங்காது. எந்த நலன் என்று நாமும் கேட்டதில்லை. மீதி 80 சதவீதத்துக்கு அந்த உறுதிமொழிகூட வேண்டியதில்லை.

மாப்பிள்ளை நல்லவர் என்பது எனக்குத் தெரியும். அவரைக் குறித்து இதைச் சொல்லவில்லை. அனுப்புவது என்று முடிவானால், ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தின் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். வைப்பு ரசீதை நீங்கள் கண்ணால் பாருங்கள். 20 சதவீதத்தோடு நிறுத்தாமல் முழுத்தொகையையும் அவள் பெயரிலேயே போட முடியுமா என்று மகளிடம் பேசுங்கள். பணத்தைக் காக்க ரசீது போதும். இருபது வயதில் எல்லாம் முடிந்துபோன பீட்டர்சனுக்கு வாய்த்த சங்கடத்துக்கு எந்த வங்கியிலும் வைப்பு கிடையாது. அதற்குப் பள்ளிக்கூடமும் அங்குள்ள தோழிகளும்தான் கொஞ்சம் உதவும். ஆகவே எத்தனை நாள் பள்ளி தவறும் என்பதைத் தயாரிப்பு அலுவலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள். இத்தனையிலும் பேத்தி என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்