ஈரம் காயும்வரை எங்கள் மலைப்பாதையில் ஏறாதீர்கள்

ஜவ்வாது மலைக்கு ஆஃப் ரோடு ட்ரிப் ஏற்பாடு செய்யும் ஜீப் குழு அன்பர்களுக்கு,

வணக்கம். ஒடுகத்தூரிலிருந்து மலைக் கிராமங்களுக்கு ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். அடுத்த மழைக்கு மறுபடியும் வரப்போவதாகவும், இந்தத் தடவை வண்டிகள் இன்னும் அதிகம் என்றும் அடிவாரத்து டீக்கடையில் உங்கள் ஆட்களே சொல்லிவிட்டுப் போனார்கள். அதனால்தான் இந்த மடல். மழை பெய்து பாதை ஈரமாக இருக்கும்போது எங்கள் மண்பாதையில் ஏறாதீர்கள். காய்ந்த பிறகு வருவதானாலும் தேதி குறிக்கும் முன் ஊரைக் கேளுங்கள்.

போன முறை நீங்கள் போனபின் அந்தச் செம்மண் ஏற்றம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வீடியோ எடுத்ததே நீங்கள்தான். ஒவ்வொரு வண்டியும் ஏறி, வழுக்கி, பின்னால் இறங்கி, மறுபடி வேகமெடுத்து ஏறியது. கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர் சும்மா சுற்றும்போது மண்ணை வாரி வீசுகிறது. மேலே வண்டி சேர்ந்ததும் எல்லோரும் கை தட்டினீர்கள். கீழே முழங்கால் ஆழத்தில் இரண்டு பள்ளம் மிச்சம்.

மண்பாதையில் மழைத்தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிட வேண்டும். அதற்காகத்தான் நடுவை மேடாக்கி, ஓரத்தைச் சரித்து வைத்திருக்கிறோம். சக்கரத் தடம் ஆழமாக விழுந்துவிட்டால் தண்ணீர் அதிலேயே இறங்கி, பாதையின் நீளத்துக்கும் ஓடி, இன்னும் தோண்டும். உங்கள் வண்டி ஒரு சாண் தோண்டினால் மிச்சத்தை அடுத்த மழை தோண்டிவிடும். ஃபோர் வீல் கியர், சிக்கிய வண்டியைக் கம்பி போட்டு இழுக்கும் விஞ்ச், தூக்கிக் கட்டிய சஸ்பென்ஷன் எல்லாம் இருக்கிற உங்களுக்கு அது விளையாட்டு. எங்கள் வண்டிகளில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

நீங்கள் வந்துபோன அடுத்த வாரம், மேலே ஒரு பெண்ணுக்கு இரவில் வலி எடுத்தது. தலைப்பிரசவம். எப்போதும் ஊர்ப் புளியமரம் வரை என் வண்டி போய்விடும். அன்றைக்கு அந்த ஏற்றத்தில் நடுமேட்டின் மேல் வண்டியின் அடிப்பாகம் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் காற்றில் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. போர்வையை மூங்கிலில் கட்டி, டோலியில் வைத்து அவளைத் தூக்கி வந்தார்கள். பள்ளம் முழுக்கத் தண்ணீர், செல்போன் வெளிச்சத்தில் எது ஆழம் எது தரை என்று தெரியவில்லை. முன்னால் தூக்கியவர் காலை வைத்தார், இடுப்புவரை சாய்ந்தார். டோலி ஒரு பக்கம் இறங்கியது. அவள் மாமியார் ஓடிவந்து வயிற்றைத் தன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே அந்த ஏற்றம் முழுக்க, நனைந்துகொண்டு, குனிந்தபடியே நடந்தாள். ஆம்புலன்ஸ் கீழே காத்திருந்தது. குழந்தை அதிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். நலமாக இல்லாமல் போயிருந்தால் யாரிடம் போய் நாங்கள் கேட்டிருப்போம்?

2023 மே மாதம் அல்லேரி மலையில் நடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை பாதை இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே இறந்தது. அதன் உடலையும் தாய் கையில் ஏந்தி நடந்துதான் ஊருக்குக் கொண்டுபோனாள். அதுவும் இதே அணைக்கட்டு தாலுகாதான். பாதை என்றால் இந்த மலையில் உயிர்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்களுக்கு ரோடு வேண்டுமென்றால் காட்டு நிலம் என்று மனுமேல் மனு எழுத வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தில் கிராம சபை பரிந்துரைத்தால் 1 ஹெக்டேருக்குள் ரோட்டுக்கு நிலம் தரலாம் என்று இருக்கிறது. அந்தப் பரிந்துரையைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார்கள். 2018இல் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்த பிறகு காட்டில் மலையேற்றம் போகிறவர்களுக்குக்கூட முன் அனுமதி கட்டாயம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் வருடத்துச் சட்டத்திலிருந்தே குற்றம். வரிசையாக ஜீப் வரும்போது மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள் ஒரு லோடு ஜல்லி கொட்டக் கைகட்டி நிற்கிறார்கள். இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, அந்தக் கோபம் முழுவதையும் உங்கள் மேல் காட்டுவது நியாயமில்லை. வண்டி ஓட்டும் ஆசை எனக்கும் புரியும். பிழைப்பே அதுதான். வெயில் காலத்தில் வாருங்கள். வண்டிகளைச் சிறு சிறு குழுவாகப் பிரித்து அனுப்புங்கள். லோ கியரில், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரம் சுற்றாமல் மெதுவாக ஏறினால் பாதைக்கு அவ்வளவு சேதம் வராது. உங்களில் அனுபவசாலிகளுக்கு இது நன்றாகத் தெரியும். விஞ்ச் கம்பியை நேராக மரத்தில் சுற்றாதீர்கள், அகலமான நாடா போட்டு மாட்டுங்கள். பாதையோரப் பலாமரம் ஒன்றில் மரப்பட்டை வட்டமாக அறுந்து கிடக்கிறது. அந்த மரத்துக்காரருக்கு வருடத்தில் கையில் பணம் பார்க்கிற வழிகளில் அதுவும் ஒன்று. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை, விடியற்காலையிலேயே ஆடுகளோடு ஜனம் இறங்கும்.

ஆனால் மழை ஈரத்தில் வேண்டாம். சேற்றில் ஓட்டினால்தான் ட்ரிப் என்றால், அதற்குத் தனியார் நிலம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஓட்டுங்கள். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு பாதை.

போன தடவை விழுந்த பள்ளத்தை ஊர்க்காரர்கள் கூடையில் கல் சுமந்து பாதி நிரப்பியிருக்கிறார்கள். மீதியை நிரப்ப ஒரு டிராக்டர் கல்லும் ஒரு நாள் ஆள்கூலியும் தேவை. அதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நன்றி சொல்வோம். இந்த மழைக்குக் குறித்திருக்கும் தேதியைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். தள்ளிவைத்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை பஞ்சாயத்து அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் மலைப்பாதை ஜீப் ஓட்டுநர் ஒருவர்