சிவப்பு வைன் கனமாகத்தான் இருக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உணவுப் பகுதியில் வந்த வைன் கட்டுரையைப் படித்தேன். அடர்ந்த நிறம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, பல வருடப் பழமை, இவை இருந்தால்தான் சிவப்பு வைன் என்கிறார் கட்டுரையாளர். மற்றதெல்லாம் பழச்சாறுக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதானாம். பயணிகள் கப்பலில் உணவு பரிமாறும் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே பூஜொலே என்று ஒரு பகுதி. அங்கே பெரும்பாலும் ஒரே திராட்சைதான், காமே. தோல் கறுப்பு, உள்ளே சாறு வெளுப்பு. புளிப்பு தூக்கலாகவும் துவர்ப்பு குறைவாகவும் இருக்கும். இந்தக் கொடிக்கு அவமானம் புதிதில்லை. 1395-லேயே, பூஜொலேக்கு வடக்கே இருக்கும் பர்கண்டியின் பிரபு பிலிப், காமேயை வேரோடு பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டார். பினோ நுவார் திராட்சைக்குப் பேர் போன தன் மண்ணில், மலிவாகக் காய்த்துத் தள்ளும் இது எதற்கு என்பது அவர் எண்ணம். ஆனால் தெற்கே பூஜொலேயின் கருங்கல் மண்ணில் காமே வேரூன்றி நின்றது. மரபணுவைப் பார்த்தபோது காமே அந்தப் பினோ நுவாரின் பிள்ளை என்றே தெரியவந்தது. பிரபுவுக்கு இது தெரியாமல் போனதே!

பூஜொலேயின் காமே வைன் லேசாக இருப்பதற்குச் செய்முறையும் ஒரு காரணம். பழத்தைப் பிழியாமல் குலைகுலையாக அப்படியே மூடிய தொட்டியில் போடுகிறார்கள். அடியில் இருக்கும் பழங்கள் மேல்பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதிலிருந்து எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்கும். காற்று இல்லாத அந்த இடத்தில், முழுசாக இருக்கும் பழத்துக்கு உள்ளேயே சர்க்கரையில் ஒரு பங்கு சாராயமாக மாறும். அதற்குப் பிறகுதான் பிழிவது. தோலும் கொட்டையும் சாற்றில் நெடுநாள் ஊறாததால் துவர்ப்பு ஏறாது. செர்ரி, ஸ்ட்ராபெரி வாசம் முன்னே நிற்கும், சிலவற்றில் வாழைப்பழ மணம்கூட வரும். அந்த வருடம் பறித்த பழத்தில் செய்த புது வைன் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கடைக்கு வரும். அதைப் பத்து வருடம் பூட்டிவைத்தால் பெருமைப்பட ஒன்றும் மிஞ்சாது. அதற்காகக் காமே என்றாலே அற்பாயுசு என்றும் நினைக்க வேண்டாம். அதே பூஜொலேயில் மோர்கோன், மூலன் ஆ வான் போன்ற இடங்களின் காமே வைன் வருடக்கணக்கில் நிற்கும்.

நம் குமரி மாவட்டத்து ஆட்களுக்கு இது ஒன்றும் அந்நியமான ருசியில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் எத்தனை வீடுகளில் பன்னீர் திராட்சையை வைனுக்காகப் பீங்கான் பரணியில் போட்டுக் கட்டிவைக்கிறார்கள்! (இது சட்டப்படி சரியா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை.) 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைதான் அது. காமே வேறு, இது வேறு. இது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. ஆனால் மணத்தை நம்பி வாழும் பழம் என்பதில் இரண்டும் ஒரே சாதி. கையால் பிசையும்போது கொட்டை உடையக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் அதட்டுவதும் அந்தத் துவர்ப்புக்குப் பயந்துதான். அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டதை, பழகப் பழக விசேஷம் என்று நாலைந்து வருடம் அலமாரியில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். திறந்து பார்த்தால் பன்னீர் மணம் போயிருக்கும், பல சமயம் காடிதான் மிஞ்சும். ‘பழசே நல்லது’ என்று பத்திரிகையிலும் எழுதினால் இவர்களை யார் திருத்துவது?

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே மேசையில் இருப்பது மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும். துவர்ப்பு மிகுந்த வைனை மீனோடு குடித்தால் வாயில் இரும்பு ருசி தட்டும், மிளகாயின் எரிச்சலும் கூடும். காமே மாதிரி லேசான சிவப்பு வைன் அந்தத் தொல்லை தராது. புளிப்பு இருப்பதால் தேங்காயின் கொழுப்பையும் கழுவிவிடும். கப்பலில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எங்கள் ஊர்ப் பையன்கள் மீனுக்கு இதைத்தான் தேடுவார்கள்.

கட்டுரையில் இன்னொன்று: சிவப்பு வைனை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாறச் சொல்லியிருக்கிறது. குளிர் நாட்டுக் கல்வீடுகளுக்குச் சொன்ன பேச்சு அது. நாகர்கோவிலில் சித்திரை மாதத்து அறை 30 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் எந்த வைனிலும் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். காமேக்கு 12 முதல் 14 டிகிரி பொருத்தம். நம் ஊரில் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது பிரிட்ஜில் வைக்க வேண்டும். அடுத்த இதழில் இந்த ஒரு வரியையாவது திருத்திப் போடுங்கள். பன்னீர் திராட்சையைப் பற்றியும் கம்பத்துக்கே ஆள் அனுப்பி ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்