ஞாயிறு சந்தை, மின்விசிறி: கவனிக்கவும்

கொழிஞ்சாம்பாறைக் குழுவினருக்கு வணக்கம். ஞாயிறு காலை வேலந்தாவளம் சந்தைக்கு ஒரே ஆட்டோவில் போகலாம். ஆளுக்கொரு பைக் வேண்டாம். துணிப்பையும் எண்ணெய்த் தூக்கும் அவரவர் பொறுப்பு. கேரளத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி 1 முதலே தடை. ஆனாலும் கறிவேப்பிலைக்குக்கூடத் தனிக் கவர் கேட்பவர்கள் நம்மிடையே உண்டு! (யாரென்று சொல்லமாட்டேன்.)

மின்விசிறி வாங்க இருப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) விசிறிக்கு 30 வாட் அளவே போதும். தினமும் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். விலை கூடுதல்தான், ஐந்து பேர் சேர்ந்தால் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அட்டைப்பெட்டியில் இருக்கும் பச்சை இலைப் படத்தை நம்பாமல் மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டைப் பாருங்கள். வேண்டுவோர் வெள்ளிக்குள் பெயர் தரவும்.