செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களை வீட்டிலேயே சீரமைக்கும் நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மழையால் தள்ளிப்போன டிசம்பர் கூட்டம் தவிர மற்ற மாதக் கூட்டங்கள் குறித்த நாளில் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்தின் அங்குல அளவு ஸ்பானர் செட் ஐந்து மாதமாக யாரிடம் இருக்கிறது என்பது தெரியவில்லை. நம் வண்டிகளின் போல்ட்டுகளில் மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால் முனை மழுங்கிவிடும் என்பதால், எடுத்தவர் இன்றே தந்துவிட வேண்டுகிறேன்.

இவ்வாண்டு வேலை பெரும்பாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரைச் சுற்றியே அமைந்தது. புதிய உறுப்பினர் ஒருவர், அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு போண்டியாக் ஜி.டி.ஓ. போன்ற ‘மசில் கார்’ (பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்) எதையும் நாம் ஏன் எடுப்பதில்லை என்று கேட்டார். அதன் வி8 எஞ்சின் 389 கன அங்குலம், ஏறத்தாழ 6.4 லிட்டர், நம் ஹெரால்டு 948 சி.சி. பலத்தில் ஒப்பீடே இல்லை. ஆனால், வீட்டு வாசலில் வைத்துப் பிரித்துப் பூட்டுவதற்கு இதைவிட இணக்கமான வண்டியை நான் கண்டதில்லை. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாக அறிமுகமாகி, 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் காருக்குச் சேசிஸ் எனும் அடிச்சட்டம் தனி, பாடி தனி. பாடியும் பல துண்டுகளாகப் போல்ட்டில் பூட்டப்பட்டது. முன்பக்க மட்கார்டுகளோடு பானெட் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடுவதால், முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம்.

அந்த வசதியே சிலரை அவசரப்படுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர் ஒருவர் பட்டி போட்டுப் பளபளவென்று பெயின்ட் அடித்த பிறகுதான், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கைகள் துருவில் உதிர்ந்திருந்ததைக் கண்டார். மீண்டும் பாடியைத் தூக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே ஒரு கம்பியைத் தற்காலிகமாக வெல்டிங் வைத்ததால்தான், வாசல் ஒடுங்காமல் கதவு பழையபடி பொருந்தியது. தெருக்காரர்கள் எட்டுப் பேர் கை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு டீயோடு வேலை முடிந்தது.

அடுத்தது என் சொந்தக் கதை. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை உண்டு. அது டிரனியன் எனப்படும் பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை அந்தப் பித்தளைக்குள் சுழல்கிறது. அங்கே கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். கிரீஸ் அடித்தால் அது இறுகி, எல்லா மரைக்கும் பரவாமல் நின்றுவிடும். இடுக்கில் தண்ணீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். நான் வண்டியை விட்ட பட்டறையில் நிப்பிளை (எண்ணெய் செலுத்தும் முனையை) பார்த்ததும் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு காலை வீட்டு கேட்டுக்குள் திரும்பும்போது தண்டு மரையோடு ஒடிந்து, இடது முன் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. நடை வேகம் என்பதால் மட்கார்டு நசுங்கியதோடு போயிற்று. ஒடிந்த முனையைக் கூட்டத்தில் எல்லாரும் பார்த்தீர்கள்: பாதிக்கு மேல் பழைய துரு, மீதிதான் புதிதாக ஒடிந்த வெள்ளை. மாற்றுத் துண்டு தேடிப் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை என்பதால், கிடைத்த முதல் துண்டு பயன்படவில்லை. இதன் பிறகு, டிரனியனைக் கழற்றிப் பார்க்காத ஹெரால்டு எதுவும் சங்க ஊர்வலத்தில் சேரக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பற்றியும் புகார்கள் வந்தன. பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் எனும் சவ்வும் அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஹோஸை மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியின் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

பதிவு குறித்துப் பலர் கேட்டார்கள். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டுகளுக்கு மேலாகி, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டியை ‘வின்டேஜ்’ எனப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட முடியாது. ஞாயிறுதோறும் காய்கறி வாங்க ஹெரால்டை எடுக்கும் என் போன்றவர்களுக்கு இது ஒத்துவராது.

ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. அடுத்த கூட்டம் என் வீட்டு வாசலில், டிரனியன் கழற்றும் செய்முறையோடு நடைபெறும். கியர் ஆயில் சங்கச் செலவு. கிரீஸ் கன்னை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்